மூணு சுழி போட இடம் இருக்கா?

குனிந்து வாருங்கள். தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி, அதில் தகரப் பலகைகளைக் காயப் போட்டிருக்கிறார்கள். தோள் பட்டால் போச்சு, சட்டை முதுகில் ‘இலவச நீர்மோர்’ ஏறிவிடும். கதவு என்று எதுவும் கிடையாது. யார் வீட்டுக் காதுகுத்துக்கோ அடித்த ஃப்ளெக்ஸ் பேனர்தான் திரை. அதை விலக்கி உள்ளே வந்துவிட்டோம். வந்தே விட்டோம்! ஆடிக் கிருத்திகை நெருங்கும் நேரத்தில், திருத்தணியில், போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட் ஒருவரின் கொட்டகைக்குள்! இந்த நாட்களில் அவர் யாரையும் உள்ளே சேர்ப்பதில்லை என்று டீக்கடையில் சொல்லியிருந்தார்கள். நம் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, விட்டுவிட்டார்.

“ஓரமா நில்லு சார். எதையும் தொடாத. தொட்டா உன்னையே தொடைக்க வெச்சிருவேன்.”

ம.பொ.சி. சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கும் சந்து இது. சாலையில் பூவும் காவடியும் மொட்டை அடித்த தலைகளுமாக ஊர் திமிறுகிறது. மைக் செட்டுகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு முருகனை அழைக்கின்றன. சந்துக்குள் நாலு எட்டு வைத்தால் டர்பன்டைன் வாசனை. இன்னும் நாலு எட்டில் மண்ணெண்ணெயும் அதோடு சேர்ந்துகொள்கிறது. மூக்கைப் பிடிக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். அப்புறம் பிடித்தும் போகும்.

எதைப் பார்க்க வந்தோம் என்று இன்னும் சொல்லவில்லை, இல்லையா? ஓர் எழுத்தைப் பார்க்க. மலைக்குப் போகிற வழியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒல்லியாக, உயரமாக, வலப்பக்கம் சாய்ந்து, முனைகளில் சதுரமாக வெட்டிய கட்டையோடு நிற்கும் எழுத்து. தண்ணீர்ப் பந்தல் பலகையில் இருக்கும், லாட்ஜ் வாசலில் இருக்கும், லாரியின் நெற்றியில் கட்டாயம் இருக்கும். எழுத்துரு வரைபவர்கள் பாஷையில் இதன் ஆங்கில உறவுக்காரருக்குக் கண்டென்ஸ்டு இட்டாலிக் ஸ்லாப் செரிஃப் என்று பெயர். ஒடுக்கம், சாய்வு, முனையில் கட்டை, மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்தது. தலைப்புக்கும் போஸ்டருக்கும் பெயர்ப் பலகைக்கும் மட்டுமே பிறந்த எழுத்து. இதில் ஒரு நாவலை அச்சடித்துக் கொடுத்தால் மூன்றாம் பக்கத்தில் கண் வலி வந்துவிடும். தெருவில் நாற்பது அடி தள்ளி நின்று பாருங்கள், இதற்கு ஈடு கிடையாது.

பெயரைக் கேட்டதும் ஆர்ட்டிஸ்ட் பிரஷைக் கீழே வைத்தே சிரித்தார். “இன்னா சார், ஏழு எட்டு அடி போர்டே புடிக்காது போலருக்கே அந்தப் பேரு! நாங்க ‘ஒடுக்கி, சாச்சி, கட்ட வெய்யி’ன்னுவோம். அவ்ளோதான்.”

பொடியன் ஒருவன் மூலையிலிருந்து அதையே ராகமாகப் பாடிக் காட்டினான். ஒடுக்கி, சாச்சி, கட்ட வெய்யி. கொட்டகையே குலுங்கியது.

முதலில் அந்தக் கொட்டகையைக் கண்ணாரப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காட்சி வெளியே யாருக்கும் கிடைக்காது. தரை முழுக்கக் கொட்டாங்கச்சி. ஒவ்வொன்றிலும் ஒரு நிறம், மேலே ஆடை கட்டியிருக்கிறது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிரஷ்கள் தலைகீழாக முழுகிக் கிடக்கின்றன. கிழிந்த தினசரி காலண்டர் தாள்களில் எல்லாம் கோடு இழுத்துப் பழகிய தடம். இடப்பக்கச் சுவரில் ஒரு முருகன், வேலும் மயிலும் முடிந்து கண்ணுக்காகக் காத்திருக்கிறார். கண் கடைசியில்தான், அதுவும் குளித்துவிட்டு வந்த பிறகுதான். திரையோரம் ஓர் ஆணி. அதில் உதயசூரியன் வெட்டிய தகரமும் இரட்டை இலை வெட்டிய தகரமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்குகின்றன. “எலெக்ஷன் வந்தா ரெண்டும் எறங்கும். அது வரைக்கும் ஒண்ணாத்தான் இருக்கணும்” என்கிறார். வெள்ளை அடித்துக் கிடந்த பலகை ஒன்றின்மேல் பூனை நடந்துபோன கால்தடம் அச்சாகியிருந்தது. அதையும் பொடியன் அழிக்காமல் வைத்திருக்கிறான், லட்சணமாக இருக்கிறதாம்.

இப்போது நூல் போடுகிறார்கள். கிட்டே வாருங்கள், இது கண்கொள்ளாக் காட்சி. பருத்தி நூலை நீலப் பொடியில் புரட்டி எடுக்கிறான் பொடியன். ஒரு முனை அவன் கையில். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் இல்லை. டீ கொண்டுவந்த பையனே மாட்டிக்கொண்டான், ஒரு கையில் டீத் தட்டு, ஒரு கையில் நூல். ஆர்ட்டிஸ்ட் நடுவில் நூலை மேலே இழுத்து விட்டார். பட்! வெள்ளைப் பலகையில் தலைமுடி கனத்துக்கு நீலக் கோடு. மூக்கு நுனியில் எல்லோருக்கும் நீலம். இப்படியே நாலு கோடு. எழுத்தின் தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, புள்ளிக்கும் கொம்புச் சுழிக்கும் மேலே ஒன்று, கு, மு, ழு என்று கீழே இறங்குகிறவர்களுக்கு ஒன்று.

சாய்வுக்கு என்ன அளவு என்று கேட்டேன். பாகைமானி, ஸ்கேல் ஏதாவது எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். பொடியன் ஓர் அட்டைத் துண்டை நீட்டினான். புடவைப் பெட்டியின் மூடியைச் சாய்வாக வெட்டியது. அதைப் பலகையின் ஓரத்தில் வைத்து சாக்பீஸால் வரிசையாகச் சாய்கோடு இழுத்துக்கொண்டே போகிறான். அட்டையின் பின்பக்கம் பார்த்தேன், ஜவுளிக்கடை பெயர் தேய்ந்து மறைந்திருந்தது. அவ்வளவு நாளாக இந்த ஊரின் எழுத்தெல்லாம் அந்த ஒரே அட்டைக்குத்தான் சாய்ந்துகொண்டிருக்கிறது! அட்டை நைந்தால் அதை வைத்தே புதிது வெட்டிக்கொள்வார்களாம்.

ஏன் ஒடுக்க வேண்டும்? இதற்கு ஆர்ட்டிஸ்ட் சொன்ன விளக்கம் எனக்கு அப்படியே பிடித்துப்போனது. கணக்கு அவருடையது, நான் எழுதிக்கொண்டேன்.

தமிழ்நாட்டில் கடைப் பலகைக்கு அரசு விதி உண்டு. தமிழ் முதலில் வர வேண்டும், பெரிதாக வர வேண்டும். அடுத்து ஆங்கிலம். மூன்றாவதாக வேறு மொழி. அளவு 5:3:2. எல்லையூரான திருத்தணியில் அந்த மூன்றாவது மொழி பெரும்பாலும் தெலுங்கு. ஆறு அடி நீளம், இரண்டு அடி உயரத்தில் ஒரு பலகை என்று வையுங்கள். மேலும் கீழும் இரண்டிரண்டு அங்குலம் விட்டால் மிச்சம் இருபது. அதில் தமிழுக்குப் பத்து, ஆங்கிலத்துக்கு ஆறு, தெலுங்குக்கு நாலு. பத்து அங்குல உயரத்தில் தமிழ்! கேட்கவே நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் கடைக்காரர் கொண்டுவரும் பெயரைப் பாருங்கள். ‘ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி மளிகை ஸ்டோர்ஸ்’ என்கிற தினுசில்தான் வரும். கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணினால் இருபத்திரண்டு உருவம், நடுவே நாலு இடைவெளி. பக்கவாட்டில் இரண்டிரண்டு அங்குலம் போக மிச்சம் அறுபத்தெட்டு. வகுத்தால் ஓர் உருவத்துக்கு இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேலே. பத்து உயரம், இரண்டரை அகலம். ஒடுக்காமல் என்ன செய்வது? தமிழ் பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி உயரத்தைக் கொடுக்கிறது, பலகை அகலத்தைப் பிடுங்கிக்கொள்கிறது, நடுவில் இந்த ஒல்லி எழுத்து பிறக்கிறது.

இடம் போதாத கஷ்டம் தமிழ் எழுத்துக்குப் புதிதும் இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியாரும் அவருடைய கூட்டாளிகளும் அச்சுக்கூடம் போட்டபோது, ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை. அவற்றில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடிக்கக் காகிதம் போதவில்லை. அதனால் பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி, சின்ன எழுத்துகளை அங்கேயே வார்த்தார்கள். 1714-15இல் புத்தகம் வெளிவந்தது. இதை நான் சொன்னதும் ஆர்ட்டிஸ்ட் பிரஷைக் காதில் செருகிக்கொண்டு, “பால்கோவா டப்பாவா?” என்றார். ஏறக்குறைய அதுதான் என்றேன். அன்று முழுக்க அவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் டப்பா பெரிதாகிக்கொண்டே போனது.

சரி, ஒடுக்குவதில் எது கஷ்டம்? ல-வா, ழ-வா? “நம்ம ஊரு பேருதான் சார்!” என்கிறார். திருத்தணி. அதில் கடைசி ணி. மூணு சுழி ண. அகலமாக எழுதினால் அழகுராணி. இரண்டரை அங்குலத்துக்குள் கொண்டுவந்தால் மூன்று சுழிகளும் ஷேர் ஆட்டோவில் ஏறியவர்கள் கணக்காக மடிமேல் மடியாக உட்காருகின்றன. பிரஷ் கொஞ்சம் கொழுத்தாலும் ஒரு சுழி அடைபடும். அடைபட்டால் தூரத்துக்கு அது ரெண்டு சுழி ன. ஊர்ப் பெயரே பிழையாகிவிடும். அதனால் ண வரும் இடத்தில் மட்டும் மெல்லிய பிரஷுக்கு மாறுகிறார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார், மூச்சைப் பிடிக்கிறார். கொட்டகையில் யாரும் பேசக் கூடாது. முதல் சுழி. இரண்டாவது. மின்விசிறி ‘கிர்ர்’ என்கிறது. மூன்றாவது சுழி முடிந்து, கோடு மேலே ஏறி, நிமிர்ந்து, காலில் இறங்கி நின்றது. பெருமூச்சு அவருக்கு முன்னால் எனக்கு வந்தது.

பொடியனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவன் தனியாக ஒரு சின்னப் பலகையை முடித்து, வெயிலில் வைத்து, ஒரு கால்மேல் ஒரு கால் போட்டு உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டு அடுக்கோடு ஆர்ட்டிஸ்டின் மனைவி வந்தார். அடுக்கை இறக்கக்கூட இல்லை. பலகையை ஒரு பார்வை பார்த்தார்.

“ஏம்ப்பா, இன்னொரு சுழி எங்க? வூட்டுல வெச்சிட்டு வந்துட்டியா?”

திருத்தனி! எழுதிக் காய வைத்தே விட்டிருந்தான். ஆர்ட்டிஸ்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார், பொடியன் தானும் சேர்ந்து சிரித்துக்கொண்டே மண்ணெண்ணெய்த் துணியைத் தேடுகிறான். இந்தக் கொட்டகையின் பிழை திருத்துபவர் அந்த அம்மாதான். அவர் பார்க்காமல் ஒரு பலகையும் திரையைத் தாண்டி வெளியே போவதில்லை. பிரஷ் பிடித்ததே இல்லையாம். ஆனால் சுழியும் புள்ளியும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கூலியில் அவருக்கும் பங்கு உண்டா என்று கேட்டேன். “மொத்தமும் என் கைக்குத்தான் வருது, அப்புறம் இன்னா பங்கு?” என்றார்.

சாப்பாடு ஆனதும் கட்டை வைக்கும் வேலை. எனக்கு இதுதான் தேன்.

கட்டை வைத்த எழுத்து லண்டனில் 1810களில் அச்சுக்கு வந்தது. வின்சென்ட் ஃபிகின்ஸ் என்ற எழுத்து வார்ப்பாளர் அதைத் தன் மாதிரிப் புத்தகத்தில் வெளியிட்டார். நாடகம், லாட்டரி, சாராயம், துணி என்று எல்லாரும் சுவரில் கத்த ஆரம்பித்த காலம் அது. மெல்லிய எழுத்து சுவரில் எடுபடவில்லை. 1827இல் அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்தை எந்திரத்தால் கடையும் வழி கண்டுபிடித்தார். ஈயத்தைவிட இலேசு, விலை மலிவு, எவ்வளவு பெரிதாகவும் செய்யலாம். ஒடுங்கிய கட்டை எழுத்துகள் போஸ்டரெங்கும் பரவின. லண்டனில் ராபர்ட் பெஸ்லி 1845இல் கிளாரண்டன் என்ற எழுத்தைப் பதிவே செய்து பாதுகாத்தார். மூன்று வருட உரிமை முடிந்த கையோடு எல்லா வார்ப்பாலைகளும் நகலெடுத்தன. சாய்வின் வயதோ இன்னும் அதிகம். 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் சின்னப் புத்தகங்களுக்காகச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். வரலாறு போதும், வாருங்கள், பிரஷ் இறங்குகிறது.

ரோமன் எழுத்துக்குக் கட்டை வைப்பது எளிது. நேர்கோடுகள்தானே, காலடியில் ஒரு செங்கல் வைத்தால் முடிந்தது. தமிழுக்கு எங்கே வைப்பது? நம் எழுத்து வளைந்து, சுழித்து, எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகிறது. ஆர்ட்டிஸ்ட் எழுத்து எழுத்தாகக் காட்டினார். ப நல்ல பிள்ளை, மேலே இரண்டு முனை, இரண்டுக்கும் தொப்பி வைக்கலாம். ட-வும் அப்படியே, தலையில் ஒன்று, தரையில் நீட்டிய காலில் ஒன்று. துணைக்கால் இருக்கிறதே, ‘ா’, அதற்கு இரண்டு கால், இரண்டு கட்டை, ஜம்மென்று நிற்கும். க-வின் தலைக்கோட்டில் இடது முனைக்கு ஒன்று. அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. கொம்புக்குக் கட்டை கிடையாது. சுழிக்குக் கிடையவே கிடையாது. “வெச்சா முருகன் காலுக்கு ஷூ மாட்டுன மாரி இருக்கும்” என்று அவர் சொன்னபோது பொடியன் சுவரில் இருந்த கண்ணில்லாத முருகனின் பாதத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

எத்தனை நுணுக்கமான தீர்ப்பு, பாருங்கள்! எங்கே வைக்க வேண்டும் என்பதைவிட எங்கே வைக்கக் கூடாது என்பதில்தான் அவருடைய கை தெரிகிறது. எழுத்து வடிவம் படிக்கிற மாணவர்கள் இந்தக் கொட்டகையில் ஒரு மதியம் உட்கார வேண்டும் என்று அங்கேயே தோன்றியது.

கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் தகரக் கூரை தன் வேலையைக் காட்டியது. வேர்வை புருவத்திலிருந்து சொட்டுகிறது. பலகையில் ஒரு சொட்டு விழுந்தாலும் எனாமல் பொரிந்துபோகும். பொடியன் துண்டை நனைத்து ஆர்ட்டிஸ்டின் நெற்றியில் கட்டினான். இன்னொரு துண்டால் நான் விசிறினேன். “சார், விசிறு, ஆனா போர்டு பக்கம் விசிறாத, தூசி ஒக்காரும்” என்று உத்தரவு. கையை ஊன்ற ஒரு குச்சி, அதன் நுனியில் துணிப்பந்து. அதைப் பலகையில் சாய்த்து, அதன்மேல் மணிக்கட்டை வைத்து, சிவப்பு எழுத்துக்குக் கருப்பு நிழல் அடிக்கிறார். நிழல் விழுந்ததும் எழுத்து பலகையிலிருந்து ஒரு விரல்கடை முன்னால் வந்து நின்றது. எனக்கு வாய்விட்டே “ஆகா” வந்துவிட்டது. அவர் திரும்பவில்லை. ஆனால் கன்னம் மட்டும் மேலே ஏறியது, பக்கவாட்டில் பார்த்தேன்.

கரண்டோடு சேர்ந்து ஒரு லாரியும் வந்து நின்றது. பக்கத்து நகரியிலிருந்து. எல்லையைத் தாண்டி வந்த ஓட்டுநர், கண்ணாடிக்கு மேலே இருக்கும் நெற்றிப் பலகையில் தெலுங்கில் சாமி பெயர் வேண்டும், சாய்வாக வேண்டும், வேகமாகப் போகிற மாதிரி இருக்க வேண்டும் என்கிறார். ஆர்ட்டிஸ்ட் தெலுங்கும் எழுதுவார், பேசவும் பேசுவார். இந்த ஊரில் அதில் அதிசயம் எதுவும் இல்லை. 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்தப் பெரியவர் பெயரில் இருக்கும் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் இன்று இரண்டு மொழியும் ஒரே பிரஷிலிருந்து இறங்குகின்றன.

தெலுங்கு ஒடுங்க மாட்டேன் என்கிறது, அதை நீங்கள் பார்க்க வேண்டும். எல்லாம் உருண்டை. தலையில் தலகட்டு என்று ஒரு சின்ன டிக் அடி, அதற்கு இடம் வேண்டும். இரண்டு மெய் சேர்ந்தால் இரண்டாவது ‘ஒத்து’ என்று காலுக்குக் கீழே போய் உட்காரும், அதற்கும் இடம் வேண்டும். பக்கவாட்டில் நெருக்கினால் உருண்டை முட்டையாகிவிடுகிறது. கட்டையா? வாய்ப்பே இல்லை. அதனால் தெலுங்குக்கு அவர் சாய்வையும் நிழலையும் மட்டும் கொடுக்கிறார், கட்டையை விட்டுவிடுகிறார். ஓட்டுநர் கீழே நின்று கத்துகிறார்: “அன்னா, இங்க்கா பெத்ததிகா!” இன்னும் பெரிதாக வேண்டுமாம். “லாரிய பெருசா வாங்கினு வா, பெருசா எழுதறேன்” என்று தமிழில் பதில். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். எந்த மொழியில் யார் பேசினார்கள் என்று அதற்கப்புறம் நான் கவனிக்கவே இல்லை.

சாய்வு எதற்கு என்பது லாரி கிளம்பியபோதுதான் எனக்குக் கண்ணால் புரிந்தது. நிற்கும்போதே முன்னால் குனிந்து நின்ற எழுத்து, வண்டி உருண்டதும் வண்டிக்கு முன்னால் தான் போவதாகத் தெரிகிறது. திருப்பதி சாலையில் பஸ்ஸில் போகிறவர் ஒரு பலகையைப் பார்க்கக் கிடைப்பது இரண்டு மூன்று நொடி. உயரம் கண்ணைக் கூப்பிடுகிறது, கட்டை பிடித்து நிறுத்துகிறது, சாய்வு அடுத்த எழுத்துக்குத் தள்ளிவிடுகிறது. இந்த மூன்றும் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டுதான் திரையை விலக்கினேன். மூன்றும் தேவை.

பரணில் ஒரு புதையல் இருக்கிறது. பொடியன் ஏணி போட்டு இறக்கினான். துருவேறிய பழைய பலகை, ஆர்ட்டிஸ்டின் குரு எழுதியது. நீலத்தில் வெள்ளை. அதில் ‘மலை’ என்ற சொல்லில் இருந்த லை பழைய லை, கொம்பு தனியாக நிற்காமல் எழுத்தின் தலையிலேயே தும்பிக்கை வளைந்தது. 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து அந்த லை பாடப் புத்தகங்களிலிருந்து விடைபெற்றது. இடச் சிக்கனத்துக்குப் பழைய லைதான் கெட்டிக்காரி, ஓர் உருவத்தின் இடத்தில் வேலை முடிந்துவிடும். புதிய லைக்கு இரண்டு இடம். “அத்த எடுத்ததுல எங்க கைக்குத்தான் வேல ஜாஸ்தி ஆச்சி” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பழைய லையின் வளைவை விரலால் மெல்லத் தடவினார். விற்பாரா என்று கேட்க வாய் வந்தது. முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அவருடைய அக்கா மகன் வந்தான். கல்லூரி மாணவன். கைபேசியில் எழுத்துருக்களை இறக்கி வைத்திருக்கிறான், மாமாவிடம் காட்ட. அவர் கையெல்லாம் பெயின்ட், ஆகவே கைபேசிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தான். எக் டைப் நிறுவனம் 2022இல் வெளியிட்ட அனேக் தமிழைத் திறந்தான். ஒரு பொத்தானை இழுத்தால் எழுத்து ஒடுங்குகிறது, திருப்பி இழுத்தால் விரிகிறது! ஆர்ட்டிஸ்ட் குழந்தையாகிவிட்டார். ஒடுக்குகிறார், விரிக்கிறார், ஒடுக்குகிறார். அடுத்து கூகுளின் நோட்டோ செரிஃப் தமிழ், அதில் ஒடுக்கமும் உண்டு, சாய்வும் உண்டு. பிறகு இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த கவிவனார், கையெழுத்துச் சாயலில் சாய்ந்து ஓடுவது. ஒவ்வொன்றிலும் அவர் முதலில் அடிக்கச் சொன்ன சொல் ஒன்றுதான்: திருத்தணி. பெரிதாக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ண-வை உற்றுப் பார்க்கிறார். “மூணும் தொறந்தாப்ல வெச்சிருக்கான்யா! கெட்டிக்காரன்!” முகம் தெரியாத ஒரு தொழில்காரனுக்கு இன்னொரு தொழில்காரன் கொடுத்த பாராட்டு. அந்த வடிவமைப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும், உங்கள் மூணு சுழி திருத்தணியில் பாஸாகிவிட்டது.

கிருத்திகை முடிந்தால் சரவணப் பொய்கையில் தெப்பம். அதற்கும் பலகைகள் காத்திருக்கின்றன. பிறகு செப்டம்பர் 5, பள்ளிக்கூடங்களின் முறை. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்த ஊராயிற்றே, ஆசிரியர் தினத்துக்குத் தனி மவுசு. டிசம்பர் 31இல் படித் திருவிழா. 365 படிகளுக்கும் பூஜை செய்து பாடிக்கொண்டே ஏறும் பஜனைக் கோஷ்டிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பலகை வேண்டும். நடுவில் கல்யாணம், கடை திறப்பு, ஆட்டோ, லாரி. கம்பியில் பலகை காயாத நாள் குறைவு.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடை திறக்கப் போகிறீர்களா? பந்தல் போடப் போகிறீர்களா? பெயரை ஒரு தாளில் சுழி பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் போர்டு எழுதும் கை ஒன்று கட்டாயம் இருக்கும். தேடிப் போங்கள், கேட்கிற கூலியைக் கொடுங்கள், எனாமல் காய நாலு நாள் விடுங்கள். தமிழ் எந்த அளவு, ஆங்கிலம் எந்த அளவு என்று அவருக்கே தெரியும். எழுத்தை மட்டும் அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள்.